சாவி கொடுக்காமல் போனவர்கள்

ஜூலை கடைசி வாரம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நெருங்கிவிட்டால் தணிக்கையாளர் அலுவலகங்களில் இரவு ஒன்பது மணிக்கும் டீ வாங்கிவர ஆள் போகும். மதுரையில் அப்படி ஓர் அலுவலகத்தின் சர்வரை நான் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், அதன்மேல் சாம்பா என்ற மென்பொருள். பன்னிரண்டு விண்டோஸ் மெஷின்கள் அதிலிருந்த ஒரே கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும். அன்று இரவு ஏழரைக்கு போன் வந்தது.

"அண்ணே, மில் கணக்கு ஃபைல் திறக்க மாட்டேங்குது. படிக்க மட்டும்தான் விடுது. எழுத விடல. வேற யாரோ திறந்து வச்சிருக்காங்கன்னு வருது."

"யாரு?"

"சீனியர் அக்கா பேரு காட்டுது. அக்கா ஏழு மணிக்கே லேப்டாப்பை மூடி எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. பாண்டியன்ல சென்னை போறாங்க. போனும் சுவிட்ச் ஆஃப்."

இந்த மாதிரி நேரத்தில் பல அலுவலகங்களில் சர்வரை ஒரு தடவை அணைத்துப் போடுவார்கள். சிக்கல் தீரும், கூடவே மற்றவர்கள் சேமிக்காமல் வைத்திருந்த வேலையும் தீர்ந்துபோகும். சர்வரிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டிலிருந்தே அந்த மெஷினுக்குள் நுழைந்து, டெர்மினலில் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' என்று அடித்தேன். ரூட் அதிகாரம் வேண்டும். அது இல்லாமல் அடித்தால் முழு விவரம் கிடைக்காது.

திரையில் மூன்று அட்டவணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. முதலாவது ஆட்கள்: பிராசஸ் எண், பயனர் பெயர், குழு, எந்த மெஷின், எந்த நெறிமுறைப் பதிப்பு, மறையாக்கம் உண்டா இல்லையா. அக்காவின் வரி அதில் இருந்தது. பிராசஸ் 4127, முகவரி 192.168.1.23, போர்ட் 50412. இரண்டாவது அட்டவணையில் அந்த 4127 எந்தப் பகிர்வுக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தது என்பது. காலை 9.52. மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது, பூட்டப்பட்ட கோப்புகள். மில் கணக்கு எக்செல் கோப்பின் பெயர், அதன் எதிரே அதே 4127, அடுத்த கட்டத்தில் 'டினை ரைட்', அதற்கடுத்து 'ரீட் ரைட்', கடைசியில் திறந்த நேரம்.

'டினை ரைட்' என்றால், நான் எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது என்ற உத்தரவு. 1984இல் வந்த டாஸ் 3.0 காலத்திலிருந்தே இப்படி ஒரு பழக்கம். கோப்பைத் திறக்கும்போதே, உடன் திறக்க வருபவருக்கு எதை மறுக்க வேண்டும் என்று நிரல் சொல்லிவிடும்: எதையும் மறுக்காதே, படிப்பதை மறு, எழுதுவதை மறு, எல்லாவற்றையும் மறு. யுனிக்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அங்கே ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் கோப்பை இன்னொருவர் அழிக்கக்கூட முடியும். படிப்பவருக்கு ஒரு குறையும் வராது. இந்த இரண்டு குணங்களும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதற்குத்தான் சாம்பா.

ஆக, சர்வரின் கணக்குப்படி அக்கா இன்னும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். அக்காவோ ரயிலடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சர்வர் பொய் சொல்கிறதா?

இதற்குப் பதில் தேட, இணைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்து டெலிபோனில் நீங்கள் பேசும்போது உங்கள் வீட்டுக்கும் எதிராளி வீட்டுக்கும் இடையில் உண்மையாகவே ஒரு மின்சுற்று கோத்துவிடப்பட்டிருக்கும். ரிசீவரை வைத்தால் சுற்று அறும். கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் அப்படிக் கோத்துவைக்கப்பட்டது எதுவுமில்லை. 1981இல் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக நிலைபெற்ற டிசிபி நெறிமுறையில், இணைப்பு என்பது இரண்டு முனைகளிலும் இருக்கும் இரண்டு குறிப்புகள் மட்டுமே. என் முகவரி, என் போர்ட், உன் முகவரி, உன் போர்ட், இதுவரை எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது. தொடங்கும்போது மூன்று பொட்டலங்கள் கைமாறும், முடியும்போது சில. நடுவில் இருவரும் பேசாமல் இருந்தால் கம்பியில் ஒன்றுமே ஓடாது. ஒரு மணி நேரம் பேசாவிட்டாலும் இணைப்பு முறியாது. நடுவில் வயரைப் பிடுங்கி, இருவரும் பேச நினைப்பதற்குள் திரும்பச் செருகினால், வயர் பிடுங்கப்பட்டதே இணைப்புக்குத் தெரியாமல் போகலாம்.

லாட்ஜ் வரவேற்பறையில் இருக்கும் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், அறை எண், வந்த நேரம். சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனால் புறப்பட்ட நேரம் எழுதுவார்கள். சாவியைச் சட்டைப் பையில் போட்டபடி பின்வாசல் வழியாகப் போனவர், ரிஜிஸ்டரைப் பொறுத்தவரை இன்னும் அறையில்தான் தூங்குகிறார். லேப்டாப்பை மூடி, வயரை உருவி, பையில் போட்ட அக்கா இப்படித்தான் போனார். 'போய்வருகிறேன்' என்ற பொட்டலத்தை அனுப்ப அந்த மெஷினுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

எஸ்எம்பிஸ்டேட்டஸ் இந்த ரிஜிஸ்டரைத்தான் படிக்கிறது. கட்டளையை அடித்ததும் அது அலுவலகத்திலிருக்கும் ஒவ்வொரு மெஷினாகப் போய் 'இருக்கிறீர்களா' என்று விசாரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வலைப்பின்னலைத் தொடுவதே இல்லை. சர்வரின் வட்டிலேயே 'டிடிபி' என்ற வகைச் சிறு தரவுக் கோப்புகள் சில இருக்கின்றன. அமர்வுகளுக்கு ஒன்று, பகிர்வுகளுக்கு ஒன்று, பூட்டுகளுக்கு ஒன்று. சாம்பாவின் பிராசஸ்கள் எழுதிவைத்ததை எடுத்து அழகாக அடுக்கிக் காட்டுவதோடு இந்தக் கட்டளையின் வேலை முடிந்தது.

ஒரே ஒரு சரிபார்ப்பை மட்டும் செய்கிறது. சாம்பாவில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனியாக ஒரு பிராசஸ் ஒதுக்கப்படும். தலைமைப் பிராசஸ் 445ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஆள் வந்ததும் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பிறப்பித்து, இனி இவரை நீ கவனி என்று விட்டுவிடும். அக்காவுக்கு வாய்த்த பிள்ளை 4127. குறிப்பில் இருக்கும் பிராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எஸ்எம்பிஸ்டேட்டஸ் பார்க்கும். செத்திருந்தால் அந்த வரியைக் காட்டாது. லாட்ஜ் கணக்கில் சொன்னால், அறைக்கு வெளியே ரூம் பாய் நிற்கிறானா என்று பார்க்கிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டுவதில்லை. எங்கள் 4127 நன்றாக உயிரோடு, அடுத்த உத்தரவுக்காகக் காத்து நின்றது.

இங்கே சாம்பா பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது ஒட்டுக்கேட்டுப் பிறந்த மென்பொருள். கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்பவரின் கையில் உருவானது. டாஸ் நிரல்கள் உள்ளூர் வட்டிடம் கேட்பதை அப்படியே வலைப்பின்னல் வழியாக வேறொரு மெஷினிடம் கேட்கவைப்பது அதன் நோக்கம். பின்பு மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்தெடுத்தது. 1991 டிசம்பரில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தன் டாஸ் மெஷினிலிருந்து யுனிக்ஸ் மெஷினின் வட்டைத் திறக்க வேண்டியிருந்தது. டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதன் மொழி பற்றிய ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை. கம்பியில் ஓடும் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்து, இதைக் கேட்டால் இது வருகிறது, அதைக் கேட்டால் அது வருகிறது என்று எழுதிவைத்து, தானே ஒரு சர்வரை எழுதிவிட்டார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பாரிஸ் காபிக்கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் பரிசாரகர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்து மொழி கற்பதற்கு இந்த முறையைப் பின்னாளில் அவரே ஒப்பிட்டார். தான் பிடித்த மொழியின் பெயர் எஸ்எம்பி என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது.

பெயர் வைத்த கதை இன்னும் வேடிக்கை. மொழியின் பெயர் தெரிந்த பிறகு, தன் மென்பொருளை எஸ்எம்பி சர்வர் என்றுதான் அழைத்தார். அந்தப் பெயர் எங்கள் வணிகக்குறி என்று ஒரு நிறுவனம் எழுதியது. உடனே கம்ப்யூட்டரில் இருந்த ஆங்கில அகராதிக் கோப்பில், எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைக் 'கிரெப்' கட்டளையால் சலித்தார். விழுந்த சொற்களில் சால்மன்பெர்ரி ஒன்று, ஸ்கிராம்பிள் ஒன்று, சாம்பா ஒன்று. நல்லவேளை, சாம்பாவை எடுத்தார். இல்லாவிட்டால் நான் அந்த அலுவலகத்தில் போய் 'சால்மன்பெர்ரி ஓடவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கும்.

சரி, 4127க்கு வருவோம். சாம்பாவின் ரிஜிஸ்டர் ஒருபுறம் இருக்கட்டும். லினக்ஸின் கருநிரல் தனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. அதைப் பார்க்க 'எஸ்எஸ்' என்று ஒரு கட்டளை. முன்பு 'நெட்ஸ்டாட்' அடிப்போம். 445ஆம் போர்ட்டில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டி, கூடவே டைமரையும் காட்டு என்று கேட்டேன். பன்னிரண்டு வரிகளில் 192.168.1.23க்கு எதிரே 'எஸ்டாப்' என்று இருந்தது, அதாவது இணைப்பு நிலைபெற்றிருக்கிறது. வரியின் கோடியில், 'டைமர், கீப்அலைவ், 87 நிமிடம்'. மணி 7.33.

அந்த 87 எங்கிருந்து வந்தது? கேட்பாரற்றுக் கிடக்கும் இணைப்பை லினக்ஸ் 7,200 வினாடிகள், அதாவது இரண்டு மணி நேரம், தொந்தரவு செய்யாது. பிறகு ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பி ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். பதில் இல்லாவிட்டால் 75 வினாடிக்கு ஒருமுறை, மொத்தம் 9 தடவை. கூட்டினால் 7,875 வினாடி: 2 மணி 11 நிமிடம் 15 வினாடி. அதுவரை அக்கா அலுவலகத்தில்தான் இருக்கிறார். கடைசியாக அவர் மெஷின் பேசி 33 நிமிடம் ஆகிறது, 87 மிச்சம்.

இரண்டு மணி நேரம் எதற்கு இவ்வளவு பொறுமை என்று எரிச்சல் வரும். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122, இப்படிக் கதவைத் தட்டிப் பார்ப்பதைச் சந்தேகத்தோடுதான் அனுமதித்தது. தானாக இயங்கக் கூடாது, வேண்டுபவர் கேட்டால் மட்டும். யாரும் மாற்றாதவரை இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வலைப்பின்னல் சில நிமிடம் தடுமாறி மீளும் நேரம் பார்த்துத் தட்டினால் நல்ல இணைப்பையும் நாமே வெட்டிவிடுவோம் என்பது ஒரு காரணம். பொட்டலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பாதைகள் இருக்கின்றன என்பது இன்னொன்று. அந்தக் காலத்துச் சிக்கனம் மதுரையில் ஒரு கணக்குப்பிள்ளையை ராத்திரியில் உட்காரவைக்கிறது. எனக்கு அந்த ஆவணத்தின்மேல் கோபமில்லை. அவசரப்பட்டு வெட்டுவதைவிட இது தேவலாம். ஆனால் லினக்ஸில் இந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஏன் இவ்வளவு பேர் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

மௌனம் நீடித்தால்தான் இந்த இரண்டு மணிக் கணக்கு. சர்வரே பேச வேண்டி வந்தால் கதை வேறு. பதில் வராத பொட்டலத்தை லினக்ஸ் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 15 தடவை மறுபடி அனுப்பும். கிட்டத்தட்ட 15 நிமிடத்தில் சோர்ந்து இணைப்பைக் கைவிடும். எஸ்எம்பியில் சர்வர் தானாகப் பேச வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஆப்லாக் என்பார்கள். ஒரு கோப்பை ஒருவர் மட்டும் திறந்திருந்தால், 'நீங்கள்தானே இருக்கிறீர்கள், மாற்றங்களை உங்களிடமே வைத்திருங்கள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வர வேண்டாம்' என்று சர்வர் சலுகை தரும். இன்னொருவர் வந்தால் முதல் ஆளுக்கு, 'சலுகை முடிந்தது, கையில் இருப்பதை எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பும். அந்தச் செய்திக்குப் பதில் வராதபோது குட்டு வெளிப்பட்டுவிடும். அன்று அது நடக்கவில்லை. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றின் தரவுக் கோப்புகள் ஆப்லாக்கால் கெட்டுப்போகின்றன என்று பயந்து, அந்தப் பகிர்வுக்கு நானே அதை அணைத்து வைத்திருந்தேன். மூன்றாவது அட்டவணையில் ஆப்லாக் கட்டத்தில் 'நன்' என்று இருந்தது என் கைங்கரியம்.

இதே சங்கடத்துக்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு விடை வந்தது. 1980களின் நடுவில் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை, ரிஜிஸ்டரே வேண்டாம் என்றது. அது தண்ணீர்ப் பந்தல். வருகிறவர் தம்ளரை நீட்டுகிறார், ஊற்றுகிறார்கள், போகிறார். இந்தக் கோப்பில் இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் முழு விவரமும் இருக்கும். முன்பு யார் என்ன கேட்டார் என்பது சர்வருக்குத் தேவையில்லை. சர்வர் விழுந்து எழுந்தாலும் கிளையண்டுகள் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், எழுந்ததும் பதில் வரும். அபாரமான எளிமை. ஆனால் இப்போது யார் இணைந்திருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டால், தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். 'ஷோமவுண்ட்' என்ற கட்டளை ஒரு பட்டியலைக் காட்டும். கிளையண்ட் மவுண்ட் செய்தபோது எழுதி, விடுவித்தபோது அடிக்கப்படும் ஒரு கோப்பிலிருந்து வருவது அது. விடுவிக்காமலே அணைந்துபோன மெஷின்களின் பெயர்கள் அதில் மாதக்கணக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். காயலான் கடைக்குப் போன மெஷின் ஒன்றுகூட அதில் 'இருந்தது'.

பூட்டு போட வேண்டும் என்றால் பந்தலில் நடக்காது. அதனால் என்எஃப்எஸ்சும் 4ஆம் பதிப்பில் ரிஜிஸ்டருக்குத் திரும்பியது, ஆனால் ஒரு புத்திசாலித்தனத்தோடு. 1989இல் ஸ்டான்ஃபோர்டின் கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் ஒரு கட்டுரையில் முன்வைத்த குத்தகை யோசனை அது. உரிமையைக் காலவரையறையோடு கொடு. புதுப்பிக்காவிட்டால் அது தானாகக் காலாவதி. லினக்ஸில் அந்தக் குத்தகை இயல்பாக 90 வினாடி. இருக்கிறேன் என்று சொல்லும் பொறுப்பு விருந்தாளியின் தலைக்கு மாறிவிட்டது. 2019இல் வந்த லினக்ஸ் 5.3 முதல், ஒவ்வொரு கிளையண்டின் விவரத்தையும் புரோக் கோப்புமுறையின் ஒரு கோப்புறையில் போய்ப் படிக்கவும் முடியும்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு 'நெட் செஷன்', 'நெட் ஃபைல்' என்ற பழைய கட்டளைகளும், பவர்ஷெல்லில் 'கெட் எஸ்எம்பி ஓப்பன்ஃபைல்' என்பதும் இதே வேலையைச் செய்யும். முறை ஒன்றுதான்.

பட்டியலைப் பார்க்கும்போது எல்லோரும் பெயரையே தேடுகிறார்கள். நான் நெறிமுறைப் பதிப்புக் கட்டத்தையும் ஒரு கண் பார்த்துவிடுவேன். 'எஸ்எம்பி3' என்று தொடங்கினால் நிம்மதி. 'என்டி1' என்றிருந்தால் அந்த மெஷின் இன்னும் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் பேசுகிறது. பெரும்பாலும் பழைய எக்ஸ்பி மெஷினோ, ஸ்கேன் செய்து கோப்புறையில் போடும் ஜெராக்ஸ் மெஷினோ. 2017 மே 12 அன்று வானாகிரை நச்சுநிரல் உலகெங்கும் பரவியதும் பிரிட்டன் மருத்துவமனைகள் ஸ்தம்பித்ததும் விண்டோஸ் அந்த முதல் பதிப்பைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 2019இல் வந்த சாம்பா 4.11, எஸ்எம்பியின் அந்த முதல் பதிப்பை இயல்பில் மூடிவிட்டது. பழைய ஸ்கேனருக்காக அதைத் திரும்பத் திறந்துவிட்டவர்கள் இந்தக் கட்டத்தை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

7.40 ஆகியிருந்தது. அக்காவின் போன் இன்னும் அணைந்தே இருந்தது. 192.168.1.23ஐப் பிங் செய்தேன், பதில் இல்லை. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு வாய் திறக்காது என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. போன் செய்த பையனிடம், அக்காவின் மேசையில் லேப்டாப் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். வயர் மட்டும் தொங்குகிறது என்றான். மூன்றாவது அட்டவணையில் 4127இன் பெயரில் வேறு கோப்பு ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்த்தேன், இந்த ஒன்றுதான். 'கில் 4127' என்று அடித்தேன். பிள்ளை மட்டும் போனது. தலைமைப் பிராசஸும் மற்ற பதினொருவரும் அப்படியே இருந்தார்கள். எஸ்எம்பிஸ்டேட்டஸை மறுபடி அடித்தால் அக்காவின் வரி இல்லை.

"திறந்துடுச்சுண்ணே" என்றான் பையன். பத்தரை வரைக்கும் அந்தக் கோப்பில் வேலை செய்து, சேமித்து, மூடிவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் சென்னையிலிருந்து அக்காவின் போன். லேப்டாப்பைத் திறந்திருக்கிறார், எக்செல் நேற்று விட்ட இடத்திலேயே, அதே கட்டத்தில் கர்சர் துடிக்க, கோப்பைத் திறந்து வைத்திருந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ரிஜிஸ்டரை யாரும் அடிக்கவில்லையே. நாலு வரி தட்டிவிட்டு, அலுவலகத்துக்கு விபிஎன் போட்டு, சேமி பட்டனை அழுத்தியிருக்கிறார்.

"தம்பி, நான் திறந்து வச்சிருக்கிற ஃபைலை வேற யாரோ மாத்தியிருக்காங்கன்னு சொல்லுதே. என் கையிலதானே இருக்கு?"